மூன்று பேருக்கும் ஒரு மாமியார்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தையல் கடைக்கு மேல்மாடியில் அந்த ஸ்பானிய வகுப்பு நடந்தது. கீழே மெஷின் ஓடினால் மேலே மேசை நடுங்கும். ரயில் போனால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். மூன்று பெண்களும் ஒரு டீச்சரும்தான் வகுப்பு. மூன்று பேரையும் ஸ்பெயினில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு அனுப்புவதாக ஏஜென்சிக்காரர் சிவானந்தன் பணம் வாங்கியிருந்தார். இல்லத்தில் இருந்தது இரண்டு இடம். அதை அவர் பணம் வாங்கிய பிறகுதான் சொன்னார்.

நேசமலர் எப்போதும் கடைசியாக வருவாள். வயது முப்பத்தெட்டு, கொட்டாஞ்சேனை. காலி வீதிச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் விடிவதற்கு முன்பே கிடாரம் தேய்க்கத் தொடங்கி, மத்தியானச் சோறு இறங்கியதும் கையைத் துடைத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் ஓடிவருவாள். விரல் நுனிகள் ஊறி வெளுத்திருக்கும். சவர்க்கார மணம் அவளுக்கு முன்னால் படியேறும்.

"இண்டைக்கு என்ன செய்தனீங்கள் நேசம்? ஸ்பானிஷில சொல்லுங்கோ," என்று டீச்சர் சுபோதினி கேட்டாள்.

"ஓய் ஃப்ரெகே லாஸ் ஒயாஸ்." இன்று கிடாரம் தேய்த்தேன்.

"பிழை. இண்டைக்கு எண்டா ஃப்ரெகே வராது. ஏ ஃப்ரெகாதோ. தேய்த்திருக்கிறேன்."

"ஏன் மிஸ்? தேச்சு முடிச்சிட்டுத்தானே வந்தேன். முடிக்காம வந்தா முதலாளி விடுவானா?"

பக்கத்தில் இருந்த சஹ்லா சிரித்தாள். சுபோதினிக்கும் சிரிப்பு வந்தது. அவள் பல வருடம் கணவனோடு ஸ்பெயினில் இருந்துவிட்டுத் திரும்பியவள். பாஷை தெரியும், பொறுமையும் உண்டு.

"வேலை முடிஞ்சுது. நாள் முடியேல்லைத்தானே? நேற்று, போன வருசம் எண்டா அந்த நேரம் பூட்டியாச்சு, அதுக்கு ஃப்ரெகே. இண்டைக்கு, இந்தக் கிழமை, இந்த வருசம் எண்டா நீங்கள் இன்னும் அதுக்குள்ள நிக்கிறியள். அதுக்கு ஏ ஃப்ரெகாதோ."

"தமிழ்ல எல்லாத்துக்கும் 'தேச்சேன்' போதுமே."

"தென்னமெரிக்காவில கனபேர் உங்களை மாதிரித்தான் கதைப்பினம். நீங்கள் போறது ஸ்பெயினுக்கு."

நேசமலர் தலையாட்டினாள். புரிந்தது. பிடிக்கவில்லை. விடிய மூன்று மணிக்குத் தொடங்கி இடுப்பு ஒடியச் செய்த வேலையை, இன்னும் முடியாத ஏதோ ஒன்றின் நடுத்துண்டு மாதிரிச் சொல்வது அவளுக்கு ஒத்துவரவில்லை. செய்தேன். முடிந்தது. கூலி கொடு. அவள் வளர்ந்த வீட்டில் எல்லா வாக்கியமும் அப்படித்தான் முடிந்தது.

ஆனால் அந்த இலக்கணத்துக்கு வேறொரு உபயோகமும் இருந்தது. அதைச் சொல்லித் தந்தவர் சிவானந்தன். நேர்முகத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அவர் வகுப்புக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனை.

"ஆரும் பழைய வேலையைப் பற்றிக் கதைக்கேக்க அந்த முடிஞ்சுபோன 'செய்தேன்' போடக்கூடாது," என்றார். "வேலை செய்தேன் எண்டால் அவை கேப்பினம், ஏன் விட்டனீர் எண்டு. வேலை செய்திருக்கிறேன் எண்டு சொல்லுங்கோ. அனுபவம் மாதிரி நிக்கும். கேள்வி வராது. சுபோதினி, இப்பிடிச் சொல்லலாந்தானே?"

"சொல்லலாம்," என்றாள் சுபோதினி. "பிழையில்லை."

அவர் அதைச் சொன்னபோது நேசமலரைப் பார்க்காமல் பார்த்தார். அவளுடைய கதை அவருக்குத் தெரியும். வத்தளைப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் வேலை செய்தவள். நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள் பக்கத்து மெஷின் பிள்ளை மயங்கி விழுந்தாள். சுப்பவைசர், அவளை இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டு லைனை ஓட்டச் சொன்னான். நேசமலர் எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். லைன் முழுக்க நின்றது. அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்வரை சுவிட்சுக்கு முன்னால் இருந்து அவள் நகரவில்லை. மறுநாள் கேற்றில் அவளை உள்ளே விடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எந்தத் தொழிற்சாலையும் அவளை எடுக்கவில்லை. எப்படியோ எல்லா கேற்றுக்கும் பெயர் போயிருந்தது.

அன்றே சிவானந்தன் மாதிரி விடைகளையும் தந்தார். கேள்வி வரும், விடை இது, பாடமாக்கு. ஓ/எல் சோதனைக்கு ரியூசன் மாஸ்டர் தருவது போலத்தான். சுபோதினி அவற்றைத் தன் குரலில் பதிந்து வாட்சப்பில் அனுப்பினாள். மூன்று பேருக்கும் ஒரே குரல், ஒரே விடை. "ஏ குய்தாதோ ஆ மி சுவேக்ரா." என் மாமியாரைப் பராமரித்திருக்கிறேன். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது இடுப்பை உடைத்துக்கொண்டார். நான் அவரைத் தூக்கியிருக்கிறேன், கழுவியிருக்கிறேன், ஊட்டியிருக்கிறேன்.

"எனக்குக் கல்யாணமே முடியல்ல சேர்," என்றாள் சஹ்லா. "மாமிய நான் எங்கயிருந்து எடுக்குற?"

"அவையள் வந்து பாக்கப்போகினமே? சொல்லும்."

தெஹிவளையிலிருந்து வரும் பாலேஸ்வரிக்கு மட்டும் உண்மையிலேயே ஒரு மாமியார் இருந்தார். "அந்த மனுசிக்கு இடுப்பு உடையிறதோ?" என்று அவள் வாய்க்குள் சிரித்தாள். "எழுபத்தெட்டு வயசில மூண்டு மாடி ஏறி வந்து என்ர சமையலுக்குக் குறை சொல்லுது. எண்டாலும் ஸ்பானிஷில விழுத்திப் பாக்க ஒரு சந்தோசம் இருக்கு."

நேசமலர் கையை உயர்த்தினாள். "சேர், நான் எங்க அப்பாவைப் பாக்குறேன். உண்மையாவே. அவருக்கு முதுகு போய் மூணு வருசம். தூக்குறது, குளிப்பாட்டுறது, மலசலம் எல்லாம் நான்தான். அதையே சொல்லுறேனே."

சிவானந்தனின் முகம் சுருங்கியது. "நேசம், விளங்காமல் கதைக்காதையும். கலியாணம் முடிக்காத பொம்பிளை தகப்பனைக் குளிப்பாட்டினதெண்டு வெளியில சொல்லலாமோ? என்ன நினைப்பினம்? மாமியார் எண்டால் மரியாதை. பொம்பிளைக்குப் பொம்பிளை."

"அப்போ அவரை யாரு குளிப்பாட்டுறது? அவங்க ஊர்ப் பாதிரியாரா?"

"நீர் செய்யும். சொல்லாதையும்."

பாலேஸ்வரி நிலத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அது சரியென்றே பட்டது போல இருந்தது.

கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ்ஸில் நேசமலர் காதில் வயரைச் செருகிக்கொண்டு சுபோதினியின் குரலைக் கேட்டாள். சுவேக்ரா, சுவேக்ரா. வீட்டில், அப்பாவைச் சுவரோடு சாய்த்து வைத்துக் கால் கழுவும்போதும் வாய் தானாகச் சொன்னது.

யேசுரட்ணம் புறக்கோட்டையில் முப்பது வருடம் நாட்டாமையாக, மூட்டை தூக்கும் கூலியாளாக, இருந்தவர். வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு என்று மூட்டை மூட்டையாக லொறியிலிருந்து முதுகில் ஏற்றிக் கடைக்குள் இறக்கினவர். இப்போது முதுகு கேட்காது. வாய் கேட்கும்.

"அது என்ன, சுவேக்கிரா சுவேக்கிரான்னு?"

"மாமியாரு."

"உனக்கேது மாமியாரு?"

அவள் சொன்னாள். ஏஜென்சிக்காரன் அப்பாவை வேண்டாம் என்று சொன்னதையும் மாமியாரை வைத்துக்கொள் என்று சொன்னதையும். யேசுரட்ணம் இருமி இருமிச் சிரித்தார்.

"அப்போ நான்தான் மாமியாரா? சரி, ஒரு சேலையும் கட்டி விடு. பொட்டும் வை. அந்த வெள்ளக்காரி பாத்தா நம்பட்டும்."

"சும்மா இருங்கப்பா."

"உன் தம்பி பாத்துக்கிறேன்னு சொல்லிட்டான். நீ போ. அவனுக்கு இன்னும் முதுகு இருக்கு." துண்டை எடுத்துத் தன் முழங்காலைத் தானே துடைக்கப் பார்த்தார். கை எட்டவில்லை. "ஆனா என்னய எதுக்கு ஒளிக்கிறாய்ங்க? நான் களவா எடுத்தேன்?"

அவள் துண்டை வாங்கித் துடைத்தாள்.

நேர்முகத்துக்கு முந்தின வகுப்பில், மற்ற இருவரும் இறங்கிப் போன பிறகு, சுபோதினியிடம் கேட்டாள். "மிஸ், வேலையில இருந்து வெளிய போட்டாங்கன்னு எப்பிடிச் சொல்லுறது?"

"ஏன் உங்களுக்கு அது?"

"சும்மா தெரிஞ்சு வைக்கத்தான்."

சுபோதினி கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இண்டைக்குப் போட்டிருந்தா, மே ஆன் எச்சாதோ. நாலு வருசத்துக்கு முதல் எண்டா, மே எச்சாரொன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நேசம், எனக்கும் இந்த மாமியார்க் கதை விருப்பமில்லை. ஆனால் சம்பளம் தாறது அவர். நான் உங்களுக்கு ஒண்டும் சொல்லித் தரேல்லை, சரியோ?"

"ஓம் மிஸ். நீங்க ஒண்ணும் சொல்லல்ல."

நேர்முகம் அதே மேல்மாடியில், மடிக்கணினியில். இங்கே பிற்பகல், அங்கே காலை. கணினிக்குப் பின்னால், படத்தில் விழாத இடத்தில், சிவானந்தன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்; சுபோதினி பக்கத்தில் நின்றாள். கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் பெண்கள் காத்திருந்தார்கள். கதவு சரியாகப் பூட்டாது. உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது.

இல்லத்தின் பொறுப்பாளர் பெயர் இசபெல். நரைத்த தலை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. பாலேஸ்வரி முதலில் போனாள். பாடமாக்கினது பிசகவில்லை. மாமியார், குளியலறை, வழுக்கல், இடது இடுப்பு. இசபெல் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது சஹ்லா. மாமியார், குளியலறை, வழுக்கல், இடது இடுப்பு.

உள்ளே பேச்சு நின்றது. பிறகு இசபெல்லின் குரல் மெதுவாகக் கேட்டது. இவருக்கும் இடது இடுப்பா?

சஹ்லா பயந்துபோனாள். "நோ, நோ," என்றாள். "லா தெரேச்சா." வலது.

வாங்கில் இருந்த பாலேஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு இசபெல் என்னவோ கேட்டார், சஹ்லா என்னவோ சொன்னாள், இரண்டும் ஒன்றோடொன்று முட்டவில்லை. சஹ்லா வெளியே வந்தபோது முகம் வியர்த்திருந்தது.

"போச்சுக்கா. மாமி இப்ப எப்பிடி இருக்காண்டு கேட்டா. நான் நல்லா இருக்கிறாண்டேன். பொறகு எந்த வருசம் விழுந்தாண்டு கேட்டா. எனக்கு வருசம் செல்லித் தரல்லயே."

சிவானந்தன் பின்னாலேயே வந்து நேசமலரின் முழங்கையைப் பிடித்தார். "கவனம். நீர் மாமியாரை விடும். பெரியம்மா எண்டு சொல்லும். இடுப்பை விட்டிட்டு, கை எண்டு சொல்லும். விளங்குதோ? தொழிற்சாலை எண்டு வந்தால், வேலை செய்திருக்கிறேன். அதுக்கு மேல ஒரு சொல்லும் வேண்டாம்."

நேசமலர் முழங்கையை விடுவித்துக்கொண்டாள். "உங்கட பெரியம்மாவையும் நீங்களே வச்சிக்குங்க சேர்."

உள்ளே போய் உட்கார்ந்தாள். இந்த இடம் கிடைக்காவிட்டால் நாளைக்கும் கிடாரம்தான், அடுத்த வருடமும் கிடாரம்தான். ஏஜென்சிக்குக் கட்டிய பணம் திரும்பாது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நிமிர்ந்தாள்.

இசபெல் களைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார். நீங்களும் மாமியாரைப் பராமரித்திருக்கிறீர்களா?

"நோ," என்றாள் நேசமலர். "எனக்கு மாமியார் இல்லை. கல்யாணம் இல்லை." ஸ்பானியத்தில் அது இன்னும் மொட்டையாக விழுந்தது. "மி பாத்ரே. என் அப்பா."

கணினிக்குப் பின்னால் சிவானந்தன் இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினார்.

இசபெல் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். அப்பாவுக்கு என்ன செய்கிறீர்கள்?

"ஓய்..." நேசமலர் நின்றாள். இன்று காலை கடைக்குக் கிளம்பு முன் அப்பாவைக் கழுவினாள். இரவு போய்த் திரும்பவும் கழுவ வேண்டும். அந்த வேலை முடியவில்லை, முடியப்போவதும் இல்லை. "ஓய் ஏ லவாதோ ஆ மி பாத்ரே." இன்று அப்பாவைக் கழுவியிருக்கிறேன். தொடர்ந்து தெரிந்த சொல்லையெல்லாம் போட்டாள். முதுகு. தூக்குவது. மலம். புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது. தெரியாத இடத்தில் எழுந்து நின்று, ஒரு ஆளைத் தோளில் வாங்கி நாற்காலியில் இறக்குவது எப்படி என்று காற்றில் செய்து காட்டினாள்.

ஆண்களைக் கழுவ உங்களுக்குச் சங்கடம் இல்லையா என்று இசபெல் கேட்டார். போன முறை வந்த இரண்டு பெண்கள் ஆண்களைத் தொடமாட்டோம் என்று அழுதார்களாம். இசபெல் இதை மெதுவாக, இரண்டு தரம் சொன்னார்.

"ஊத்தை ஊத்தைதான்," என்று நேசமலர் தமிழில் சொல்லிவிட்டு, ஸ்பானியத்தில், "அவரும் ஆள்தான்," என்றாள்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. இதற்கு முன் என்ன வேலை?

சிவானந்தன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். வாயை அகலத் திறந்து சத்தமில்லாமல் 'ஏ த்ரபஹாதோ', வேலை செய்திருக்கிறேன், என்று காட்டினார்.

"த்ரபஹே," என்றாள் நேசமலர். "ஆடைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் வேலை செய்தேன். மே எச்சாரொன்."

"போர் கே?" ஏன் வெளியே போட்டார்கள்?

"ஒரு பெண் விழுந்தாள். அவர்கள் மெஷினை நிறுத்தவில்லை. நான் நிறுத்தினேன். எல்லா மெஷினையும்." 'சுவிட்ச்' என்பதற்குச் சொல் வரவில்லை. கையை மேலே தூக்கிக் கீழே இழுத்துக் காட்டினாள்.

சிவானந்தன் தலையில் கை வைத்தார்.

இசபெல்லின் முகத்தில் சிரிப்பு இல்லை. பேனையை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டது நேசமலருக்கு முழுதும் விளங்கவில்லை. 'இங்கே', 'அதேபோல' என்ற சொற்கள் மட்டும் பிடிபட்டன. இங்கேயும் அப்படி ஏதாவது நடந்தால் அதேபோலச் செய்வீர்களா என்பதாக இருக்க வேண்டும். செய்வேன் என்று சொல்ல அவளுக்குத் தெரியாது. வகுப்பு இன்னும் எதிர்காலத்துக்கு வரவில்லை.

"ஸி," என்றாள். "இங்கேயும்."

சிவானந்தன் எழுந்து வெளியே போய்விட்டார்.

இசபெல் கடைசியாகச் சொன்னது சுபோதினிக்கு. மற்ற இரண்டு பெண்களையும் அடுத்த நாள் திரும்பக் கூப்பிடுங்கள், பாடமாக்காமல் பேசச் சொல்லுங்கள், மாமியார் வேண்டாம்.

அடுத்த கிழமை சிவானந்தன் நேசமலரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். குரலில் கோபமும் இல்லை, சந்தோசமும் இல்லை.

"உம்மையும் சஹ்லாவையும் எடுத்திருக்கினம். உமக்கு ஆம்பிளையள் இருக்கிற மாடி. அந்த மனுசி உம்மைத்தான் முதல் கேட்டது. பாலேஸ்வரியை அடுத்த வருசத்துக்குப் பாப்பம் எண்டிருக்கினம்."

நேசமலர் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தரை கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. இங்கே கீழே தையல் மெஷினும் இல்லை.

"இதில கையெழுத்துப் போடும்." அவர் ஒரு தாளைத் தள்ளினார். "வீசாவுக்குக் குடுக்கிற அனுபவக் கடிதம். முதலே அடிச்சு வச்சிருந்தது."

அவள் வாசித்தாள். ஐந்து வருடமாக மாமியாரைப் பராமரித்திருக்கிறார். முன்னைய தொழில் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"இது நான் இல்லையே சேர்."

"அதைப் பற்றி என்ன? அங்க நீர் சொல்லியாச்சு, அவை எடுத்தாச்சு. இது வீசாக் கந்தோருக்குப் போற தாள். ஆர் வாசிக்கிறது? மாத்துறதெண்டால் திரும்ப அடிச்சு, திரும்ப முத்திரை வாங்கி, இந்த மாதம் தவறினாலும் தவறும். சஹ்லா தன்ரயை மாத்தச் சொல்லேல்லை."

"சஹ்லா சஹ்லாட கதையப் பாக்கட்டும். என்னோடத மாத்துங்க."

"பிடிவாதம் பிடிக்காதையும் பிள்ளை. ஒரு மாதம் பிந்தினால் நட்டம் உமக்குத்தான்."

"எனக்கு மட்டுமா? அவங்க என்னயத்தானே முதல்ல கேட்டாங்க. நான் போகல்லன்னா உங்களுக்குக் கமிஷன் யாரு தருவா?"

அவள் தாளை அவர் பக்கமே திருப்பி வைத்துவிட்டு, எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடைக்குப் போக நேரமாகிவிட்டது. கிடாரங்கள் குவிந்திருக்கும், முதலாளி கத்துவான். கத்தட்டும். சிவானந்தன் தொலைபேசியை எடுத்தார், வைத்தார். இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு ரயில் போனது. அவள் அசையவில்லை.

கடைசியில் அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பி விசைப்பலகையை இழுத்தார்.

"சரி. பராமரிக்கப்படுபவர்?"

"தகப்பன். யேசுரட்ணம்."

"அவர் செய்த தொழில்?"

"நாட்டாமை."

விரல் விசைக்கு மேல் நின்றது. "வியாபாரம் எண்டு போடவோ? புறக்கோட்டைதானே. பாக்க மரியாதையா இருக்கும்."

"நாட்டாமைன்னே போடுங்க சேர். மூட்ட தூக்கினவருன்னு போடுங்க. அவங்களுக்கு விளங்காட்டி நான் போய்ச் சொல்லுறேன்."